ஆறாவது வசனம்

நாலாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் சித்தப்பாவின் மனைவி, எனக்குச் சித்தி. இவ்வளவு பெரிய மனுஷி என்னிடம் வந்து ஏன் பாடம் கேட்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, டீச்சராக இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில் ஏழு பேர் இருந்தோம்: பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான். சாயங்காலம் ஏழு மணி அடித்தால் குடும்ப ஜெபம். முன்னறையில் பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்து, வேதத்தில் ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்க வேண்டும். மூத்தவரிலிருந்து தொடங்கும். பெரியப்பாவுக்கு முதல் வசனம், சித்திக்கு ஆறாவது, எனக்கு ஏழாவது. பிறகு மறுபடியும் பெரியப்பா. இன்றைக்கு ஓர் அதிகாரம் என்றால் நாளைக்கு அதற்கு அடுத்தது. காய்ச்சல்காரர்கூடப் போர்வையோடு வந்து தன் வசனத்தை வாசித்துவிட்டுத்தான் படுப்பார். அது முடிகிறவரை யாருக்கும் சோறு கிடையாது.

பெரியப்பா கோர்ட்டில் குமாஸ்தா. யாராவது ஓர் எழுத்தை விழுங்கினால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ம்?” என்பார். அந்த ஒரு “ம்?”க்கு அப்பாவே பயப்படுவார். “எங்க வீட்டுப் பொம்பளையெல்லாம் நாலு தலைமுறையா வாசிக்கத் தெரிஞ்சவங்க” என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் காபியோடு சேர்த்துக் கொடுப்பார். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தபோது நகையைப் பற்றிக்கூட அவ்வளவாகக் கேட்கவில்லையாம், படிப்பைத்தான் கேட்டார்களாம். எட்டாம் வகுப்பு என்று களக்காட்டுப் பெண் வீட்டார் சொன்னார்கள்.

உண்மையில் சித்தி மூன்றாம் வகுப்போடு நின்றவள். அம்மா செத்துப்போக, மூன்று தம்பிகளை அவள்தான் வளர்த்தாள், வாழைத்தோட்டத்துக்குக் கஞ்சி சுமந்தாள். எழுத்தெல்லாம் தெரியும். ‘மரம்’, ‘வந்தான்’ வாசித்துவிடுவாள். சொல் கொஞ்சம் நீண்டால் நடுவழியில் தொலைந்துபோவாள். இது வெளியே தெரிந்தால், பொய் சொல்லிக் கட்டிவைத்த பெண் என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தோடுதான் அவள் எங்களுக்கு மூன்று மாதம் சோறு பொங்கிப் போட்டிருக்கிறாள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தி நன்றாக ரசம் வைப்பாள் என்பது மட்டும்தான்.

அதுவரை புதுப்பெண்ணுக்குக் கூச்சம் என்று அவளுடைய வசனத்தையும் பெரியம்மாவே சேர்த்து வாசித்துவந்தாள். ஒருநாள் பெரியப்பா, “போதும், அடுத்த வாரத்துலேருந்து அவளே வாசிக்கட்டும்” என்றார். மறுநாள் நான் புறவாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, அது என்ன அட்டைய வச்சு மறைச்சு மறைச்சுப் படிக்க?”

எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. அவருக்கு நீளமான சொற்கள் என்றால் உயிர். கரும்பலகையில் ‘தாமிரபரணிக்கரையோரத்திலிருந்து’ என்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எழுதுவார். நாங்கள் நோட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வோம். “பயப்படாதீங்க பிள்ளைகளா. இது ஒரு சொல்லு இல்ல, நாலு சின்னச் சொல்லு கையப் பிடிச்சிட்டு நிக்கி” என்பார். முதலில் வாலைப் பார்க்க வேண்டும்: ‘இருந்து’. அதை நறுக்கினால் ‘ஓரத்தில்’. அதையும் நறுக்கினால் ‘கரை’. மிச்சம் நம்ம ஆறு. அப்புறம் காலண்டர் அட்டைத் துண்டால் சொல்லை மூடி, முன்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, துண்டுக்கு ஒரு கைதட்டாக வாசித்து, கடைசியில் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் செய்து காட்டினேன். சித்தி வாயைப் பிளந்து பார்த்தாள். “எனக்கும் ஒரு அட்டை வெட்டித் தா” என்றாள். “யார்ட்டயும் சொல்லிராத என்னா?”

அன்றிலிருந்து தினமும் நாலரை மணிக்குப் பாடம். நான் ஸ்டூலில், சித்தி தரையில். முதலில் அன்றைக்கு அவளுக்கு எந்த வசனம் வரும் என்று கணக்குப் போடுவோம். ஆறு, பதின்மூன்று, இருபது. அப்பாவுக்கு வேலை முடிய நேரமாகும் என்று தெரிந்தால் ஆள் ஒன்று குறையும், அதற்குத் தனிக் கணக்கு. பிறகு அந்த வசனங்களில் உள்ள நீளமான சொற்களையெல்லாம் வால் நறுக்கி, தட்டித் தட்டி, நாலைந்து தடவை வாசிக்கவைப்பேன். தப்பு விட்டால் விரலில் ஸ்கேலால் ஒரு தட்டு. ஆமாம், தட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ரசம் வைக்கிற அந்தக் கையை இழுத்துக்கொண்டு சித்தி, “சரி டீச்சர்” என்பாள்.

ஜெபத்தில் அவள் பிசிறில்லாமல் வாசித்தாள். பெரியப்பா தலையை ஆட்டினார். எனக்குத்தான் மண்டை குழம்பியது. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது என் எண்ணம். அப்படியானால் இது என்ன? சித்தி வாத்தியார் வேலைக்குப் போகப்போகிறாளா? எனக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறாளா? அல்லது பொழுது போகாமல் என்னோடு பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுகிறாளா? விளையாட்டு என்றால் ஏன் சிரிக்கவே மாட்டேன் என்கிறாள்? கேட்டால், “நீ பாடத்த நடத்து” என்பாள்.

இப்படி ஒரு மாதம் ஓடியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் பாயில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் சபைப் போதகர். வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், “ஜெப நேரம்னு தெரியும், அதான் நுழைஞ்சேன்” என்று சிரித்துக்கொண்டே வந்தார். பெரியப்பா சந்தோஷமாக நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். இரண்டாவது வசனம் அவருக்குப் போனது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எல்லாருக்கும் ஒன்று தள்ளிப் போகும். சித்திக்கு ஏழாவது வரும், அதாவது என் வசனம். ஆசை ஆசையாக நான் படித்து வைத்திருந்தது! சித்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ‘உன் வசனத்தைப் பிடுங்கிவிட்டேன் பார்’ என்பதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். உதட்டைச் சுழித்துக் காட்டினேன்.

சித்தப்பா முடித்தார். சித்தி தொடங்கினாள். முதல் நாலு சொல் ஒழுங்காகத்தான் போனது. ஐந்தாவது, ‘கட்டளையிடப்பட்டிருந்தபடியினாலே’. “கட்ட…” என்றாள். நின்றுவிட்டாள். அட்டை அடுப்படியில் கிடந்தது. அவள் கழுத்தில் வேர்வை இறங்கியதைப் பார்த்தேன். பெரியப்பா கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “ம்?” என்றார்.

என் மாணவி முழிக்கிறாள், நான் சும்மா இருக்க முடியுமா? “சித்தி, வாலப் பாருங்க சித்தி! படியினாலே! அத நறுக்குங்க!” என்று கத்தி, கையையும் தட்டினேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து மறைத்தாள். விரலை நகர்த்தி நகர்த்தி, “கட்டளை… இடப்பட்டு… இருந்த…” என்று துண்டு துண்டாக வந்து சேர்ந்தாள். வாசித்துவிட்டாள். போதகர் எதையும் கவனிக்காதவர் மாதிரி அண்ணாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “அது என்னட்டி வாலு, நறுக்கு?”

கேட்க வேண்டியதுதான் தாமதம், நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அட்டை, கைதட்டு, ஆறு, பதின்மூன்று, இருபது, விரலில் கொடுத்த அடி, ஒன்றுவிடாமல். “நான்தான் பெரியப்பா சித்திக்கு டீச்சர்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கெட்டிக்காரி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். பெரியம்மா, “எட்டாங்கிளாஸ்னுல்லா சொன்னாவ!” என்றாள். சித்தி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பெரியப்பா களக்காட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்றே எனக்கு விளங்கவில்லை. ஜெபத்தில் முழு அதிகாரத்தையும் பெரியப்பா ஒருவரே வாசித்தார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நாலரை மணிக்கு நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் சித்தி பக்கத்தில் வருவதில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்? சரியான விடையைத்தானே சொன்னேன்? அம்மாவிடம் கேட்டதற்கு, “வாய மூடிட்டுப் போ” என்றாள்.

நாலாம் நாள் சாயங்காலம் சித்தியின் அப்பா வந்தார். கையில் ஒரு வாழைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசல் பக்கமாகவே நின்றார். சித்தியின் துணிப்பெட்டி முன்னறையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஊருக்குப் போகிறாள்போல, திரும்பி வரும்போது எனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணி. பெரியப்பா வேதத்தை எடுத்தார். சித்தி எழுந்து வட்டத்தின் நடுவே வந்தாள்.

“பெரியத்தான், இன்னைக்கு நான் வாசிக்கேன்.”

“எத? மனப்பாடம் பண்ணி வச்சிருக்கியா?” என்றாள் பெரியம்மா.

“நீங்க எத எடுத்துத் தருதியளோ அத.”

பெரியப்பா புத்தகத்தை எங்கோ நடுவில் பிரித்து, ஓர் அதிகாரத்தைக் காட்டி நீட்டினார். நாங்கள் இதுவரை தொடாத பக்கம். சித்தி இடுப்பிலிருந்து அந்தக் காலண்டர் அட்டையை எடுத்தாள். எல்லார் முன்னிலையிலும் வரியின் மேல் வைத்தாள்.

எவ்வளவு நேரம் வாசித்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. சின்னச் சொற்கள் பைய நடந்தன. நீளமான சொல் வந்தால் நின்று, அட்டையை நகர்த்தி, உதட்டுக்குள்ளேயே நறுக்கிப் பார்த்து, சேர்த்துச் சொன்னாள். இரண்டு மூன்று இடத்தில் தப்பாகச் சேர்த்து, தானே திரும்பி வந்து திருத்திக்கொண்டாள். ஆனால் வாசிப்பதை விடவில்லை. பெரியப்பா ஒரு தடவைகூட “ம்?” சொல்லவில்லை. நான் பசியில் நெளிந்தேன். கை தட்டலாமா என்று யோசித்தேன், அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கடைசி வசனம் முடிந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். வாசலைப் பார்த்து, “மாமா, சாப்பிட்டுட்டு இங்கன படுங்க. காலைல முதல் பஸ்ஸுக்கு நீங்க மட்டும் கெளம்பினாப் போதும்” என்றார். அந்தப் பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சித்தி அட்டையைக் கையில் பிடித்தபடியே விசும்பினாள். பெரியம்மாகூட மூக்கை உறிஞ்சினாள்.

நானும் ஓவென்று அழுதேன். முழு அதிகாரத்தையும் சித்தி ஒருத்தியே வாசித்துத் தீர்த்துவிட்டாளே, எனக்கு ஒரு வசனமாவது மிச்சம் வைத்தாளா?

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னாள்: “பாருங்க, பிள்ளைக்குக்கூடப் புரிஞ்சிருக்கு.”