பல்லை வைத்துக்கொண்டு கண்ணை விட்டவர்

டெல்மர் ஸ்டைல்ஸ் முப்பது வருடங்களுக்கு மேல் ஓஹையோ ஆற்று மதகில் அரசாங்க வேலை பார்த்தவர். நிலக்கரி ஏற்றிய படகுகள் வந்தால் மேல்கதவைத் திறந்து உள்ளே விட வேண்டும். தண்ணீரை இறக்கிவிட்டுக் கீழ்க்கதவைத் திறந்து அனுப்ப வேண்டும். பனியென்றும் மழையென்றும் பார்க்க முடியாத வேலை அது. முழங்கால் அந்த வேலையில் தேய்ந்தது. பற்கள் அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டன. "என் வாயில பாதி கடவுள் குடுத்தது, மீதி டாக்டர் குடுத்தது" என்று கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவி ரோவீனா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆனால் ஊரில் யாரும் அவளை அப்படி அறிந்திருக்கவில்லை. பெண் பிள்ளைகள் ஆடும், பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டங்களுக்கு அவள் அம்பயர். வசந்தம் வந்துவிட்டால் சனிக்கிழமைகளில் அவளை வீட்டில் பார்க்க முடியாது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பந்து பிடிக்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்றால் அவள் சொன்னதுதான் தீர்ப்பு. தோற்கிற பக்கத்துப் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

"அம்பயரம்மா, அடுத்த தடவையாவது கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்க பொண்ணு எப்போ பந்தை அடிச்சான்னுதான் தெரியல" என்பாள். கேலி செய்தவரும் சேர்ந்து சிரிப்பார். டெல்மர் வேலியோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோலைத் தின்றபடி இதையெல்லாம் பெருமையோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு மார்ச்சிலும், ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன், ரோவீனா கண் டாக்டரிடம் போய்வருவாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. டெல்மரின் வேலையோடு வந்த கண் காப்பீட்டில் அந்தச் சோதனைக்குச் செலவில்லை, அதனால் போனாள். டாக்டர் மெக்லின்டாக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, போய்வா என்பார். அவ்வளவுதான்.

டெல்மர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றாலும் பல் காப்பீடும் கண் காப்பீடும் தானாகப் போய்விடுவதில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்ததை ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். வேண்டாம் என்றால், வருடத்துக்கு ஒருமுறை, இலைகள் உதிரும் காலத்தில் சொல்லிவிடலாம். அந்த முதல் நவம்பரில், பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டு முடித்த தட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, இருவரும் சமையலறை மேசையில் இதைப் பேசினார்கள்.

பல்லை விட முடியாது என்றார் டெல்மர். அதில் பேச்சே இல்லை.

"கண்ணு எதுக்கு ரோ? நம்ம ரெண்டு பேர்ல யாரு கண்ணாடி போடுறோம்?"

"நான் மார்ச்ல போவேனே."

"போயி என்ன கண்ட? நல்லாருக்குன்னுதானே அனுப்புறாரு. இந்த ஜில்லாவுலயே உன்னைவிட யாருக்குக் கண்ணு நல்லாத் தெரியும், சொல்லு."

அந்தப் பேச்சில் அவள் குளிர்ந்து போனாள். சரி, வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்தாள். போகத் தோன்றினால் கையிலிருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஆனால் நல்ல கண்ணைக் காட்டுவதற்குக் கைக்காசை யார் கொடுப்பார்கள்? மார்ச் வந்தது, போனது. அடுத்த மார்ச்சும் அப்படியே போனது. நவம்பர்களும் வந்து போயின. மறுபடி சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டு வரும் அறிவிப்பை டெல்மர் பல் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பார்.

நாலாவது வருடத்தில் சின்னச் சின்னதாக ஏதேதோ நடந்தது. தபால் பெட்டிக் கம்பத்தில் காரின் இடது பக்கத்தை உரசிவிட்டு வந்தாள். திறந்திருந்த அலமாரிக் கதவில் நெற்றியின் இடது ஓரத்தை இடித்துக்கொண்டாள். இடது கைப் பக்கம் வைத்த காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டாள், அதுவும் ஒரே வாரத்தில் இரண்டு தடவை. "வயசாவுதுடி" என்று டெல்மர் துடைத்துவிட்டார். இடித்ததும் உரசியதும் கொட்டியதும் ஒரே பக்கம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. பிறகு அதை நினைக்காத நாள் இல்லை.

மே மாதத்தில் பக்கத்து ஊரோடு பெரிய ஆட்டம். ஆடுகிறவள் பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டாள். அது, ஓடுகிறவர்கள் தொட்டுப்போகும் மூன்றாவது பேஸ் பக்கம் இறங்கியது. அதைப் பார்க்க ரோவீனா முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். பிடிப்பதற்காக இடப்புறத்திலிருந்து பிரின்லி என்ற பெண் வானத்தைப் பார்த்தபடி ஓடி வந்தாள். மைதானத்தில் எல்லோருக்கும் அவள் தெரிந்தாள். ரோவீனாவுக்கு மட்டும் தெரியவில்லை. இருவரும் மோதி விழுந்தார்கள். பிரின்லியின் மணிக்கட்டு ஒடிந்தது.

அன்று யாரும் கண்ணாடி போடச் சொல்லிக் கத்தவில்லை. பிரின்லியின் அம்மா மைதானத்துக்குள் வந்து மகளைத் தூக்கும்போது ரோவீனாவைப் பார்த்து, "அவ உங்க கண்ணு முன்னாலதானே வந்தா" என்று மட்டும் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, புரியாத கேள்வியாகவே இருந்தது.

அந்த வாரமே டெல்மர் அவளை டாக்டர் மெக்லின்டாக்கிடம் கூட்டிப் போனார். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே சின்ன வெளிச்சங்கள் மினுங்கும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். டெல்மர் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்கே வெளிச்சம் விழுகிறது என்று உதவியாளரின் திரையில் அவருக்குத் தெரிந்தது. இடப்பக்கம் ஒன்று மினுங்கியது. இன்னொன்று மினுங்கியது. ரோவீனாவின் விரல் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"மிஷின் நின்னுபோச்சாம்மா?"

உதவியாளப் பெண் டெல்மரைத் திரும்பிப் பார்த்தாள்.

க்ளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியில்லாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். நேரே பார்ப்பது நன்றாகத் தெரிவதால் ஆளுக்குத் தெரியாது. இடது கண்ணில் நிறையப் போய்விட்டது, வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். போனது திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தாலும் அறுவை சிகிச்சையாலும் காப்பாற்றலாம். பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு அவர், வருஷம் தவறாம வருவீங்களே, ஏன் நிறுத்திட்டீங்க என்று கேட்டார்.

டெல்மர் தரையைப் பார்த்தார். ரோவீனாதான், வேலை அதிகமாக இருந்தது என்று சொன்னாள்.

சொட்டு மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தது. அது எப்போதும் இருந்தது. நோய் என்று வந்தபின் பார்க்க அது உண்டு. நோய் இருக்கிறதா என்று முன்னமே போய்ப் பார்க்க வைத்ததுதான் அந்த இன்னொன்று, விட்டுவிட்ட கண் காப்பீடு. டெல்மருக்கு இது விளங்கியபோது அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ரோவீனா இருந்தாள். பெட்ரோல் நிலையத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்.

"நான்தான் ரோ வேண்டாம்னேன்."

அவள் சொன்னாள்: "நானும் சரின்னேன். நீ புகழ்ந்த, எனக்குப் பிடிச்சிருந்தது. கைக்காசு குடுத்துப் போயிருக்கலாம், போகல. அது என் தப்பு."

டெல்மர் தலையசைத்தார்.

"ஆனா உன் பல்லை மட்டும் நீ விடல இல்ல?"

அவள் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

ரோவீனா அம்பயர் வேலையை விட்டாள். முகக்கவசத்தையும் மார்புக்கவசத்தையும் அம்பயர்கள் சங்கத்தில் கொடுத்துவிட்டாள். பிரின்லி வீட்டுக்கு ஆப்பிள் கேக் செய்து எடுத்துப் போனாள். அந்தப் பெண் தன் மாவுக்கட்டில் இவளைக் கையெழுத்துப் போடச் சொன்னபோது ரோவீனா அழுதுவிட்டாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நவம்பரில் டெல்மர் முதல் நாளே கண் காப்பீட்டில் மறுபடி சேர்ந்தார். சேர்ந்ததும் மனம் ஆறும் என்று நினைத்தார். ஆறவில்லை.

மதகில் வேலை பார்க்கும் பர்ல் அந்த வருடம் ஓய்வு பெறுவதாக இருந்தார். வழியனுப்பு விருந்தில் அவர் டெல்மரிடம், கண் காப்பீட்டுக்குப் பிடிக்கிறதை நிறுத்திவிடப் போகிறேன், எங்கள் வீட்டில் யாருக்கும் கண்ணாடி கிடையாது என்றார். டெல்மர் நடந்ததைச் சொன்னார். யார் வேண்டாம் என்றது என்பதையும் சொன்னார். பர்ல் யோசிக்கிறேன் என்றார். என்ன செய்தாரோ, டெல்மர் பிறகு கேட்கவில்லை.

விருந்து முடிந்து வீட்டுக்குள் வந்தபோது ரோவீனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டெல்மர் அவளுடைய இடப்பக்கமாகப் போய்த் தோளில் கை வைத்தார். அவள் பதறிப்போய்க் கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் நழுவவிட்டாள்.

"அந்தப் பக்கமா வந்தா பேசிக்கிட்டே வா, டெல்மர்" என்றாள்.

டெல்மர் வீட்டில் அதிகம் பேசாத மனிதர். அன்றிலிருந்து அடுப்பைப் பற்றியோ மழையைப் பற்றியோ, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டேதான் அவளிடம் போகிறார்.