மேனேஜரின் நீலக் கோப்பு

நீல அட்டை போட்ட ஒரு கோப்பு. எங்கள் ஷோரூமில் நின்ற கார்களைவிட அதற்குத்தான் மவுசு அதிகம். மும்பையில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் அந்த இடத்தில் எனக்கு ஆர்.டி.ஓ. காகித வேலை. மேனேஜர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, வாடகை கட்டுப்படியாகாமல் ஊருக்கு வெளியே டோம்பிவிலிக்குக் குடிபோனவர். வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் கார்கள் வரும். கேட்டு வருகிறவர்களின் பெயரைக் கோப்பில் எழுதிக்கொண்டு, "லிஸ்ட்ல போட்டிருக்கேன். கம்பெனி ஒத்துண்டா சொல்றேன்" என்பார். கோடீஸ்வரர்கள் அவர் முன்னால் கைகட்டி நிற்பார்கள். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிற மனிதருக்கு அப்படி ஒரு மிடுக்கு. எனக்கு அது எரிச்சலாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

பிறகு கம்பெனிக்கு ஆசை வந்துவிட்டது. தொப்பி, சென்ட், குழந்தைகளின் செருப்பு வரை தன் சின்னத்தைப் போட்டு விற்றது. கடைசியில் உயரமான குடும்ப வண்டி ஒன்றையும் இறக்கியது. ரயிலில் பக்கத்தில் நின்றவர் அந்தச் சின்னம் போட்ட பனியனோடு வடாபாவ் தின்றதைப் பார்த்த அன்று, மேனேஜர் மத்தியானம்வரை கோப்பைத் திறக்கவில்லை. அடுத்து மேலிடத்து உத்தரவு வந்தது. மாத முடிவுக்குள் புது வண்டியில் ஒன்றாவது விற்க வேண்டும், இல்லையென்றால் அவர் வாஷியில் பழைய கார் பிரிவுக்குப் போக வேண்டும். காத்திருங்கள் என்று சொல்லியே பழகிய வாய்க்கு, வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. போனை எடுப்பார், எண்ணை அழுத்துவார், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவார். பார்க்கப் பாவமாக இருந்தது.

கோப்பின் முதல் பெயர் தாராவியில் தோல் பர்ஸ் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்கார பாய். ஆறு வருஷமாக இழுத்தடிக்கப்பட்டவர். நான்தான் மேனேஜரை வற்புறுத்தி அவரிடம் அழைத்துப்போனேன். பாய் எழுந்து நின்று வரவேற்று டீ கொடுத்தார். மேனேஜர் தோல் விலையை விசாரித்தார், மழையை விசாரித்தார், டீ தீர்ந்தும் காரைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் தொண்டையைச் செருமிய பிறகு ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஆறு வருசமா ஒங்க லிஸ்ட்ல நான் இருந்தேன். இப்ப ஒங்களுக்கு முன்னால மூணு கார் கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போயிருக்காவ சார். ஒங்க பேரையும் லிஸ்ட்ல போட்டுக்கிடுதேன்."

மேனேஜரின் முகம் சிவந்தது. கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தையல் மெஷின்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இது வேணும்தான், பாய்" என்றார். புது வண்டி பழைய மாதிரி இல்லை, உயரமாக இருக்கும், இனி யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் வண்டி நன்றாக இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் ஒரு வண்டியை விற்க முயன்று நான் பார்த்தது அன்றுதான்.

சார் எப்போதாவது இந்தக் கம்பெனி காரில் போயிருக்கிறாரா என்று பாய் கேட்டார். கிடங்கிலிருந்து ஷோரூம்வரை ஓட்டி நிறுத்தியதோடு சரி என்றார் மேனேஜர். பழைய கார்களில் இரண்டே இருக்கைகள், வாங்குகிறவரும் அவருடைய மனைவியும் ஏறினால் முடிந்தது. "இதுலதான் பின்னால சீட்டு இருக்குல்லா? சாவி வாங்குத அன்னைக்கு நீங்களும் ஏறணும். சம்மதம்னா எழுதிக்கிடுங்க" என்றார் பாய்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பாயின் கைக்குச் சாவி போனது. அவர் ஓட்ட, பக்கத்தில் அவருடைய மனைவி, பின்னால் நாங்கள் இருவரும். மேனேஜர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை என் வீடிருக்கும் திலக் நகரில் இறக்கிவிட்டு அவரை டோம்பிவிலிவரை கொண்டுபோனார்கள். மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். வழியெல்லாம் டிராஃபிக்காம், ரயிலில் போயிருந்தால் பாதி நேரத்தில் போயிருக்கலாமாம். அலுத்துக்கொண்டே கோப்பைப் புரட்டியவர், யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"வாசல்ல போய் நின்னா, ஆத்துக்காரி பால்கனில இல்லே. ஹார்ன் அடிச்சுக் கூப்பிட்டு, அவளையும் ஏத்திண்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம். அவளுக்கும் இடம் இருந்தது."