அரிசி கேட்ட ராஜா

"தள்ளி நில்லடா துரோகி, தலை உருளும்!" என்று அதட்டிக்கொண்டுதான் ரோசக்குட்டி மீன்கூடையை இறக்குவாள். அதட்டல் பூனைக்கு. வசனம் நாடகத்துக் கோட்டைக் காவலனுடையது. குரிசுதுருத்தில் இதற்கெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தத் தீவுக்கு வேதப் புத்தகத்துக்கு அடுத்தது ஏழு கதைக் கட்டு. எந்தக் காலத்திலோ ஓர் ஆசான் தமிழில் பாடி, மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் போன ஏழு சவிட்டு நாடகங்கள். பலகைத் தட்டு அதிர மிதித்து மிதித்து ஆடுவார்கள். தமிழ் அங்கே ஒருவருக்கும் பேச வராது. ஆனாலும் சண்டை போடுவது அதை வைத்து, பிள்ளைக்குப் பெயர் வைப்பது அதைப் பார்த்து. விலை குறைத்துக் கேட்டால் ரோசக்குட்டி மூன்றாம் கதையிலிருந்து ஒரு சாபம் எடுத்து வீசுவாள்.

"சேச்சி, அது போன வாரம் விட்ட சாபம். புதுசா ஒண்ணு எடு" என்பான் கள்ளுக்கடை தேவஸி.

"பழைய கடனாளி மூஞ்சிக்குப் பழைய சாபம் போதும்டா, போ!"

நாலாம் கிளாசில் பள்ளிக்கூடம் அவளை விட்டது. தான்தான் பள்ளிக்கூடத்தை விட்டதாக அவள் சொல்லிக்கொள்வாள். ஒற்றைக் கூடையைச் சுமந்தே ஓட்டு வீடு எழுப்பியவள் சொன்னால் யார் மறுக்க முடியும்? அயிலை மீனின் கண்ணைப் பார்த்தே அது கரையேறி எத்தனை நேரம் என்று சொல்லிவிடுவாள். படித்தவர்கள் பத்துப் பேர் கூடினாலும் அது முடியாது. ஏழு கதையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்பேர்ப்பட்டவளைக் குழப்பிவிட்டுப் போனாள் தூத்துக்குடிக்காரி மைக்கேலம்மாள்.

ரோசக்குட்டியின் ஒரே மகள் ஜெசிந்தாவுக்கு மாப்பிள்ளை கிளாட்சன். கொச்சியில் படகுப் பட்டறையில் வேலை. மைக்கேலம்மாள் அவனுடைய அத்தை. கல்யாணம் பேசி முடித்த அன்று ரோசக்குட்டி தீவின் முறையைச் சொல்லிக் கொடுத்தாள். பெண்ணை அழைத்துப் போகும்போது மாப்பிள்ளை வாசலில் நின்று மூன்று மிதி மிதிக்க வேண்டும். ஐந்தாம் கதையில் ராஜா கோட்டை வாசலில் சொல்வதைச் சொல்ல வேண்டும்: "அரிசி தா! அல்லாவிடில் என் ஆவி கொள்!" பெண்ணைப் பெற்றவள் தட்டு நிறைய அரிசி கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் பெண் படி தாண்டலாம். அரிசி வாங்காமல் போன பெண்ணைத் தீவில் ஓடிப்போனவள் என்பார்கள்.

கிளாட்சன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். மைக்கேலம்மாள் அடக்கவே இல்லை.

"ஏ மைனி, ராசா படையத் தெரட்டிட்டு வந்து அரிசியா கேப்பான்? அவன் என்ன ரேசன் கடைக்கா வந்தான்? அது அரசி! அரசின்னா ராணி. பொண்ணக் கேக்கான்!"

"தமிழ்ல அரிசின்னா எங்க மலையாளத்து அரி. எங்க ஊர்ல கொழந்தைக்கும் தெரியும்" என்றாள் ரோசக்குட்டி. "ராஜா ஏழு நாள் பட்டினி கெடந்து வந்தவனாக்கும்."

"பட்டினி கெடந்தவன் சோறுல்லா கேப்பான்? பச்சரிசிய வாங்கி மெல்லவா?"

ரோசக்குட்டி விடவில்லை. அன்றைக்கே கட்டு இருக்கும் வீட்டுக்குப் படகேறினாள். கட்டைக் காத்துவரும் வறீது ஆசான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த ஏட்டைத் தேடி எடுத்தார். 'ர' எழுத்து இருந்தது. அதை 'ரி' ஆக்கும் சுழி இருக்க வேண்டிய இடத்தில் பூச்சி அரித்த ஓட்டை.

"சுழி இருந்ததா ஆசானே?"

"இருந்திருக்கும். இல்லாமயும் இருந்திருக்கும்."

"ஆசானாம் ஆசான்! பூச்சிக்கே உங்களவிட வெவரம் தெரியும்."

அந்த வாரம் முழுக்க அவள் கணக்கில் மத்தி அயிலையானது, அயிலை மத்தியானது. தேவஸி வேண்டுமென்றே விலை குறைத்துக் கேட்டான், சாபம் வரவில்லை. பயந்துபோய்க் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்துவிட்டுப் போனான். தீவில் எத்தனையோ கல்யாணங்களில் அவள் முன்னால் நின்றிருக்கிறாள். ஒரு தாயும் வாசலில் அழுது பார்த்ததில்லை. கொடுப்பது அரிசிதானே? தட்டு கை மாறியதும் பாயசம் எங்கே என்று கேட்பார்கள்.

"மோளே" என்றாள் ஒரு மத்தியானம், மீனை அரிவதை நிறுத்திவிட்டு. "ராஜா கேட்டது அரசின்னா, என் கல்யாணத்துல என்னெப் பெத்த அம்மச்சி அரிசியக் குடுத்து ஏமாத்தியிருக்கா. அப்போ என்னெ யாரும் குடுக்கவே இல்லியா?"

"முப்பது வருஷமா அப்பச்சன்கூட இருந்துட்டு இப்போ கேளு" என்றாள் ஜெசிந்தா.

"நீ சிரி. நாளை மறுநாள் நான் எதைக் குடுக்கறதுன்னு சொல்லிட்டுச் சிரி."

ஜெசிந்தா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கல்யாணத்தன்று கோயிலுக்குப் போகும் வழியில் கிளாட்சன் ரோசக்குட்டியிடம் மெதுவாகக் கேட்டான். "அத்தே, நான் எதச் சொல்லட்டும்?"

"எனக்குத் தெரியல மோனே. வாயில எது வருதோ அதைச் சொல்லு."

கோயிலும் விருந்தும் முடிந்தன. வாசலில் தீவு முழுக்கக் கூடி நின்றது. ஜெசிந்தா அம்மாவின் முதுகுக்குப் பின்னால். ரோசக்குட்டியின் கையில் பித்தளைத் தட்டு நிறைய அரிசி. கிளாட்சன் மூன்று மிதி மிதித்தான், திண்ணமாகத்தான் மிதித்தான். வசனத்தின் முதல் வார்த்தையில் மட்டும் நடு எழுத்தை விழுங்கிவிட்டான்.

"என்ன கேட்டே?" என்றாள் ரோசக்குட்டி. "இன்னொருக்க சொல்லு."

சொன்னான். மறுபடியும் விழுங்கினான்.

"குடு சேச்சி, பையனுக்குப் பசிக்குது!" என்று தேவஸி கத்த, கூட்டம் சிரித்தது. மைக்கேலம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோசக்குட்டி தட்டை நீட்டினாள். கிளாட்சன் இரண்டு கையாலும் பிடித்தான். வாங்கிக்கொள்ள இழுத்தான். தட்டு வரவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள், விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுக்க வெளுக்க.