பல்வலி என்று எழுதச் சொன்னவர்

எங்கள் ராணுவ முகாமில் பாதிப் பேருக்குப் பல்வலி. மருத்துவமனையில் பல் டாக்டர் அறைக்கு அடுத்த அறை மனநல டாக்டருடையது, அதுதான் காரணம். யார் எந்த டாக்டரிடம் போகிறார் என்று புத்தகத்தில் எழுதுவதும், காலை அணிவகுப்பில் அதை உரக்கப் படிப்பதும் குமாஸ்தாவான என் வேலை. மனநலம் என்று படித்தால் போச்சு, பதவி உயர்வுக்கு அத்தோடு முழுக்கு. நானும் கண்டும் காணாமல் ‘பல்’ என்றே எழுதினேன்.

அப்படி எழுதச் சொன்னவர்களில் லாரி டிரைவர் அண்ணனும் ஒருவர். பதினாலு வருடமாக வீரர்களை ஏற்றிச் செல்பவர். முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிதறியதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. பதவி உயர்வு இரண்டு முறை கைநழுவிப் போயிருந்தது. இந்த முறை கட்டாயம் என்று அண்ணி அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“இன்னும் வாயில பல்லு மிச்சம் இருக்கா அண்ணே?” என்பேன் செவ்வாய்தோறும். சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை, வளைவில் அவர் கை ஸ்டியரிங்கிலேயே விறைத்துவிட்டது. பின்னால் இருபது பேர். பக்கத்தில் இருந்தவர் எட்டித் திருப்பியதால் லாரி மண்மேட்டில் முட்டி நின்றது. நல்லவேளை, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

மறுநாள் காலை சாவியை என் மேஜையில் வைத்தார்.

“இன்னைக்கு உள்ளதை உள்ளபடி எழுது, தங்கச்சி.”

“ஐயோ அண்ணே, இந்த வாரம்தான் பதவி உயர்வுப் பட்டியல்!”

“ஒரு மாசம் வண்டியைத் தொடாதேன்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. நான்தான் மறைச்சேன். பல்வலிக்காரன்கிட்ட சாவியை யாரு கேப்பா?”

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எழுதிய கையோடு முகாம் பொறுப்பாளரான மேஜரிடம் போனேன்.

“வண்டி ஓட்டலாமா கூடாதான்னு தெரிஞ்சா உங்களுக்குப் போதும் சார். எந்த டாக்டர்னு ஊருக்கே தண்டோரா போடணுமா?”

“இத்தனை வருஷமா அப்படித்தானேம்மா படிக்கிறோம்?”

“அதனாலதான் சார் நேத்து இருபது பேர் சாகப் பாத்தாங்க!”

மேஜர் சரி என்று சொல்லவில்லை. அணிவகுப்பில் பெயர்களை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். அவர் தடுக்கவில்லை. அன்றிலிருந்து பெயர் மட்டும்தான்.

ஆனால் மேஜருக்குத் தெரிந்தது தெரிந்ததுதானே. வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அண்ணன் பெயர் இல்லை.

“உண்மையைச் சொன்னதுக்கு இதுவா கூலி? அநியாயம்!” என்று அங்கேயே கத்தினேன்.

“கத்தாதே, தங்கச்சி,” என்றார் அண்ணன். “அந்த இருபது பேர்ல ஒருத்தரோட வீட்டுக் கதவைச் சாவுச் சேதியோட நான் போய்த் தட்ட வேண்டி வந்திருந்தா, இந்தப் பட்டியலை வச்சு என்ன பண்ணியிருப்பேன்?”