மூக்கர் ஒயின் திறந்த நாள்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் ‘மூக்கர்’ என்று பெயர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, அலட்டல்தான் பெரிது. ஹோட்டல் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் யாரோ புறப்படும்போது ஒரு பாட்டில் பிரெஞ்சு சிவப்பு ஒயினை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. அதற்கப்புறம் போனஸ் வந்தாலும் பாட்டில், பிஎஃப் வந்தாலும் பாட்டில்.

வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை ஒயினுக்குப் போயிற்று. பாட்டில்கள் இருட்டில் குளுகுளுவென்று படுத்திருக்கும். அக்கா கூடத்தில் ஃபேனுக்கு அடியில் புழுங்கிக்கொண்டு படுப்பாள்.

“சூடு பட்டா ஒயின் செத்துரும்மா” என்பார் என்னிடம். சர்க்கரை வியாதிக்காரி அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை அந்த வாயில் வந்ததா? சீ!

அவர் ருசி பார்க்கும் கண்றாவியைப் பார்க்க வேண்டுமே. கிளாஸைச் சுழற்றுவார், மூக்கை உள்ளே நுழைப்பார், ஒரு வாய் வாங்கிக் கொப்பளித்துப் பக்கத்திலிருக்கும் வாளியில் துப்புவார். “தோல் வாசனை... புகையிலை...” என்று கண்ணை மூடிக்கொள்வார். எச்சில் வாளியையும் கிளாஸையும் கழுவுவது அக்கா. அப்படிக் கழுவிய ஒருநாள் கிளாஸ் உடைந்து அவள் பாதத்தில் சில்லு ஏறிவிட்டது. இந்த மனுஷன் கிளாஸுக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சர்க்கரையால் கால் மரத்துப்போனவளுக்கு வலி தெரியவில்லை. சாக்ஸைப் போட்டு மூடிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். எனக்கே பிறகுதான் தெரிந்தது.

வெளிநாட்டுக்காரர் கொடுத்த அந்தப் பாட்டிலைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் படுக்கப் போட்டிருந்து, போன மாதம் திறந்தார். பழைய ஹோட்டல்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். நான் உள்ளே ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வாளியோடு அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அடியில் இருந்த வண்டல் கலங்காமல், மூச்சைக்கூட விடாமல் ஊற்றினார். மோந்து பார்த்தார். முகம் கோணிப்போயிற்று.

“போச்சு! கார்க் கெட்டுப்போச்சு. அழுகின வாடை வருது.”

“ஆமாமா, எனக்கும் வருது” என்றார் ஒருவர். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள்.

எழவு வீட்டு முகத்தோடு மூக்கர் அத்தனையையும் சிங்க்கில் கொட்டினார். அடுத்த பாட்டிலைத் திறந்தார்.

“இதுலயும் அதே வாடை!”

கிளாஸை மோந்தார், மேஜையை மோந்தார். கடைசியில் குனிந்து அக்காவின் காலருகே மோந்தார்.

“அட கருமமே! நீதானா இவ்வளவு நேரமும்? உள்ள போ. வந்தவங்க முன்னாடி மானத்த வாங்காத.”

சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அவளை உட்கார வைத்துச் சாக்ஸைக் கழற்றினேன். வாடை அங்கிருந்துதான். இரண்டு விரல்கள் கறுத்துக் கிடந்தன. “கால் போயிருமாடி?” என்றாள் அக்கா. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். அந்த மனுஷன் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். கால் பிழைத்ததே என்று நான் அழுதேன்.

மூன்றாம் நாள் மூக்கர் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி அறை வாசற்படியிலேயே நின்றார். எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“அந்த மொதப் பாட்டில்ல ஒரு குறையும் இல்ல. அநியாயமா கொட்டிட்டேன்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. துப்பலாம் போல வந்தது. அதற்குள் அக்கா என் கையைப் பிடித்தாள். அவரைப் பற்றி இதுவரை ஒரு குறை சொல்லாதவள்.

“உன் வீட்ல எனக்கு எடம் இருக்குமாடி?”

“இருக்குக்கா.”

“எத்தன நாளைக்கு?” என்றார் மூக்கர் வாசலிலிருந்து.

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“கதவச் சாத்து” என்றாள் என்னிடம். சாத்தினேன்.