பூஜையில் வைத்த ஸ்பேனர்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுதப் போகிறேன் என்றதும் சித்தப்பா, "நல்லத மட்டும் எழுதுத்தா. அந்த லாரி சமாச்சாரம் வேணாம்" என்றார். அதை விட்டுவிட்டு எழுதினால், நான் எழுதுவது வேறு யாருடைய அண்ணனைப் பற்றியோ ஆகிவிடும். அண்ணன் அவர்கள் தம் கடைசிப் பத்து ஆண்டுகளை வெட்கத்தோடு வாழ்ந்தவர். பிள்ளைகளோடு பிள்ளையாக அவரிடம் வளர்ந்த எனக்கும் அந்த வெட்கத்தில் பங்கு உண்டு.

வருசநாட்டில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கம்பத்தில் லாரிப் பட்டறையில் சேர்ந்தார். அந்தக் கையால்தான் எங்களுக்குச் சோறு போட்டார், கல்யாணம் செய்து வைத்தார். தேனி தனி மாவட்டமான சமயத்தில் அங்கேயே சொந்தப் பட்டறை வைத்தார். ஏர் பிரேக் என்றால் அவர்தான் என்று பெயர். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பிரேக் சேம்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றுக் கசிந்து குமிழி வருகிறதா என்று பார்ப்பார். சட்டையை வெளுக்க அண்ணி பட்ட பாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உறவினர்களுக்குப் புரிவதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின் சக்கரத்துச் சேம்பருக்குள் கனத்த ஸ்பிரிங் ஒன்று இருக்கும். காற்று இறங்கினாலும் ஹேண்ட் பிரேக் போட்டாலும் அதுதான் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றில்லாமல் நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை நகர்த்த, ஒரு போல்ட்டை முறுக்கி அந்த ஸ்பிரிங்கைக் கட்டிப்போடுவார்கள். வேலை முடிந்ததும் போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, மிதித்தால் வண்டி நிற்கும். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால்தான் நிற்காது.

உத்தமபாளையம் பீர் பாய் ஓட்டிய லாரி அப்படித்தான் குமுளி மலைப்பாதையில் நின்றுபோனது. எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தியில் உட்கார்ந்து அண்ணனை "மாப்ள" என்று கூப்பிடும் உரிமை உள்ளவர் பாய். அண்ணன் போல்ட்டுகளை முறுக்கி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சேம்பருக்குள் கிழிந்திருந்த ரப்பரை மாற்றி முடித்தபோது ஆயுத பூஜைச் சாயங்காலம். போல்ட்டுகள் மட்டும் பாக்கி. அதற்குள் பட்டறை ஆட்கள் ஸ்பேனர்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள்.

"சாமிக்கு வச்சத எடுக்க வேணாம்டா. காலைல கழட்டிக்கலாம். வண்டி இங்கனதான நிக்கப்போகுது" என்றாராம் அண்ணன். பூஜைக்குப் போயிருந்த அண்ணி காதால் கேட்டது இது. எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

காலையில் அவர் போவதற்கு முன்பே பாய் வந்து, எப்போதும் போல ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேட்டில் டீக்கடை ஓரம் நிறுத்தி இறங்கியிருக்கிறார். வண்டி பின்னால் உருண்டது. கல் வைக்க ஓடியவரின் வலது பாதம் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அந்தப் பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் வண்டி முதலாளி, "ஹேண்ட் பிரேக்கப் போடாம எறங்கிருக்கான்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவர்கள் அத்தனை பேர் முன்னால், "போட்டுருப்பாரு. நாந்தேன் போல்ட்டக் கழட்டல. அவர ஒண்ணும் சொல்லாதீக" என்றார். சொன்னாரே தவிர, உள்ளே போய்ப் பாயைப் பார்க்கவில்லை. வாசலோடு திரும்பிவிட்டார்.

அதன் பிறகு தேனிக்கு பஸ் ஏறினால் உத்தமபாளையம் தாண்டும்வரை துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். வீட்டில் முதலில் கேலி செய்தோம். பிறகு அவர் சாப்பாடு குறைந்துபோனதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டோம். "போயி ஒரு வார்த்த பேசிட்டு வாங்கன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போகன்னு கேக்குறாக" என்று அண்ணி அழுவார். கடைத்தெருவில் யாராவது "அந்தப் பட்டறைக்காரர் தங்கச்சியா?" என்று கேட்டால் நானும் தலையைக் குனிந்துகொள்வேன்.

வேலையை விடவில்லை. ஆனால் கழற்றிய போல்ட்டை டிரைவர் கையில் கொடுத்துக் காட்டாமல் சாவியைத் தரமாட்டார். ஆயுத பூஜைக்கு ஒரு ஸ்பேனரை மட்டும் சந்தனம் வைக்காமல் வெளியே போட்டிருப்பார். சாமி குற்றம் என்று பெரியவர்கள் முணுமுணுத்ததைக் காதில் வாங்கவில்லை. "இவரு மாதிரி கவனமா வேல பாக்குற ஆளு உண்டா?" என்று யாராவது புகழ்ந்தால், அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவார். புகழ்ந்தவர் முழிப்பார். எங்களுக்குத்தான் காரணம் தெரியும்.

அண்ணன் சிறுநீரகம் பழுதாகித் தேனி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உதவியவர்களை மறக்க முடியாது. அலுக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த லாரி டிரைவர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் கட்டையை ஊன்றிக்கொண்டு பீர் பாய் வந்து நின்றார். அவரைக் கண்டதும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாய் கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, மேட்டுல நிறுத்துறவன் எறங்குனதும் மொதல்ல கல்லுல்ல வைக்கணும். முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன் நானு. பழிய ஒத்த ஆளா நீ தூக்கிக்கிட்ட. அந்த வெக்கத்துலதேன் ஒம்மொகத்துல முழிக்காம இருந்தேன்" என்றார்.

அண்ணன் திரும்பவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது. பொழுது சாயும் நேரத்தில் "பாய், கடைசி பஸ் போயிரும்" என்று நான் சொன்னேன். அவர் மடியைக் காட்டினார். "நான் எப்புடித்தா எந்திரிக்க? ஒங்க அண்ணன் கைய விட மாட்டேங்குறாகளே" என்றார்.