ஓரம் சுருண்ட காளான்

என் கணவர் பதினைந்து வருடம் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தார். அச்சில் வார்த்துக் காய்ந்த பொம்மைகளைத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். முப்பது வயதிலேயே கிழவனைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று கேலி செய்வேன். ஊரில் ஆளுக்கொரு செல்போன் வர ஆரம்பித்த வருடம் இருமல் பிடித்தது. "இனிமே தூசு பக்கமே போவாதீங்க" என்றார் டாக்டர்.

அதனால்தான் சிப்பிக்காளான். நான் பயிற்சிக்குப் போய்வந்தேன். கொல்லைக் கொட்டகையில் ஈரச் சாக்கு கட்டி, அவித்த வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த பைகளைத் தொங்கவிட்டோம். ஓரம் சுருளுமுன் பறித்துவிட வேண்டும் என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார். விலைக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மிச்சத்தைக் கேட்காமல் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

அவருக்குக் கொட்டகை பிடித்துப்போனது. குளிர்ச்சியாக இருக்கிறதென்று நாற்காலி போட்டு, நான் வயல் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை உள்ளேயே இருந்தார். காளான் வாங்குகிற மங்கலம்பேட்டைக் கடைக்காரர் இரண்டு நாள் வரவில்லையென்றால் காளானும் இரண்டு நாள் பையிலேயே நின்றது.

ஒருநாள் அவர் சட்டைத் தோளில் வெள்ளைத் தூள். இருமலும் கூடியிருந்தது.

"திரும்பவும் கம்பெனிக்குப் போனீங்களா?"

"நான் போவல."

"அப்ப இது இன்னா?"

"தெரியல."

பக்கத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

"அதுக்கு எதுக்குப் புள்ள தலை?" என்று எழுந்துவிட்டார்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்? முடிவு கட்டிவிட்டேன். "தெருவுல தல காட்டாதீங்க. கொட்டகையிலயே கெடங்க" என்று கத்தினேன். கிடந்தார். தூள் நிற்கவில்லை; நான் வயலுக்குப் போனதும் கம்பெனிக்கு நழுவுகிறார் என்றே நினைத்தேன். தினமும் சட்டையை உதறித் துவைத்தேன். துவைக்கும்போதெல்லாம் திட்டினேன்.

மூன்று மாதத்தில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அழுதேனா என்று நினைவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுத்தது நினைவிருக்கிறது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் கொட்டகையைத் திறந்தேன். பதினாறு நாளாக யாரும் உள்ளே போகவில்லை. அடைமழையில் ஈரம் காயாமல், பறிப்பாரின்றி முளைத்த காளான்கள் ஓரம் சுருண்டு நின்றன. அவருடைய நாற்காலி முழுக்க வெள்ளைத் தூள். ஒரு காளானைத் தட்டினேன். அடி மடிப்புகளிலிருந்து புகையாக இறங்கியது.

பயிற்சி அம்மாவுக்குப் போன் போட்டேன். "அது காளானோட வெதை மாதிரிங்க. முத்திட்டா கொட்டும். மூச்சுல போனா ஆவாது, மூக்குல துணி கட்டிக்கிட்டுதான் உள்ள போவணும். அன்னிக்கே சொன்னனே" என்றார்.

அவரைக் கொன்றது கம்பெனிக் களிமண் தூசு பாதி, காளான் தூள் பாதி என்று யார் பிரித்துச் சொல்வது? நாற்காலியைத் துடைக்கத் துணி எடுத்தேன், துடைக்கவில்லை.

"நீங்க கம்பெனிக்குப் போவலைங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். கடைசி மூன்று மாதமும் அவர் என் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.